அட்டாரி: முதலில் மூடப்படும் ரயில் பாதை

புது தில்லி: பழைய தில்லி ரயில் நிலையத்திலிருந்து புதன், ஞாயிறு ஆகிய இரு நாள்களில் பின்னிரவை நெருங்கும் வேளையில் ஒரு ரயில் புறப்படுவது 2019 ஆகஸ்ட் வரை வழக்கமாக இருந்தது. மற்ற ரயில்களின் பயணிகளிலிருந்து அதன் பயணிகளை எளிதாகப் பிரித்தறிய முடியும். தகரப் பெட்டிகள், கயிற்றால் இறுக்கிக் கட்டிய மூட்டைகள், பத்திரமாக மடியில் வைத்துக்கொண்ட கடவுச்சீட்டு. ஒருவர் ஊருக்குப் போக, வழியனுப்ப ஒரு குடும்பமே வந்து நிற்கும். அந்த ரயில் மறுநாள் காலையில் போய்ச் சேரும் இடம் அட்டாரி. பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிறிய ஊரின் ரயில் நிலையம்தான், அந்தப் பாதையில் இந்தியாவின் கடைசி நிலையம். அடுத்த நிலையம் வாகா. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3 கிலோ மீட்டர். ஆனால், வாகா இருப்பது பாகிஸ்தானில்.

நாள்தோறும் மாலையில் எல்லைக் கதவருகே நடைபெறும் கொடியிறக்க அணிவகுப்பைக் காணச் செல்பவர்கள் அந்த இடத்தை வாகா என்றே சொல்லிப் பழகிவிட்டனர். அவர்கள் அமர்ந்து பார்ப்பது அட்டாரி மண்ணில்தான். அணிவகுப்பு நடைபெறும் சாலைக்கு அருகிலேயே ஓடும் இருப்புப் பாதையை அவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இரு நாடுகளுக்கும் இடையே உறவு முறியும்போதெல்லாம் முதல் அடி விழுவது பெரும்பாலும் அந்தப் பாதையின் மீதுதான். உறவு துளிர்க்கும்போதோ கடைசியாக நினைவுக்கு வருவதும் அதுதான்.

சாம் சிங்கின் ஊர்

சீக்கியப் படைத்தளபதி சாம் சிங் அட்டாரிவாலா பிறந்த ஊர் இது. ஆங்கிலேயருக்கு எதிராக 1846 பிப்ரவரி 10-ம் தேதி சோப்ரானில் நடந்த போரில் முதிய வயதில் களத்தில் இறங்கி உயிர்விட்டவர். அந்தப் போருக்குப் பிறகு சீக்கியப் பேரரசு நிமிரவே இல்லை. 1849-ல் பஞ்சாப் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று ரயில் நிலையத்துக்கு "அட்டாரி சாம் சிங்" என்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவர் மறைந்த 16 ஆண்டுகளில், 1862-ல், லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதை அவருடைய ஊர் வழியாகவே சென்றது. பஞ்சாபின் முதல் ரயில் பாதை அது.

பாதை போடப்பட்ட காலம் 1857 எழுச்சிக்குப் பிந்தையது. லாகூர் நிலையத்தைக் கோட்டை போலக் கட்டினார்கள். துப்பாக்கி நீட்டச் சுவரில் துளைகள்கூட வைத்தார்கள். அமிர்தசரஸ் தொழில் நகரம், லாகூர் தலைநகரம். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 50 கிலோ மீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வியாபாரிகளும் மாணவர்களும் வழக்காடுவோரும் அப்படித்தான் போய் வந்தார்கள். அந்த வழியில் அட்டாரி வெறும் ஊர் நிலையம். 1928-ல் தொடங்கிய, பம்பாயையும் பெஷாவரையும் இணைத்த புகழ்பெற்ற பிராண்டியர் மெயில் இந்தப் பாதையில்தான் ஓடியது. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. ஆனால், பெயர் கோல்டன் டெம்பிள் மெயில், பயணமும் அமிர்தசரஸோடு முடிந்துவிடுகிறது. எல்லைப்புற மாகாணத்துக்குப் போகாத ரயிலுக்கு அந்தப் பெயர் 1996 வரை நீடித்ததே வியப்புதான்.

1947 ஆகஸ்ட் 17-ம் தேதி ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு வெளியானபோது, அது அட்டாரிக்கும் வாகாவுக்கும் நடுவே விழுந்திருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆறும் இல்லை, மலையும் இல்லை, வயல்கள்தான் இருந்தன. வடமேற்கு ரயில்வே இரண்டாகப் பிளந்தது. இந்தியாவுக்கு வந்த பகுதி கிழக்குப் பஞ்சாப் ரயில்வே ஆகி, 1952-ல் வடக்கு ரயில்வேயில் சேர்ந்தது. என்ஜின், பெட்டி, பணிமனை, ஊழியர் எல்லாமே பங்கிடப்பட்டன. அந்த மாதங்களில் இந்தப் பாதையில் ஓடிய ரயில்களைப் பற்றி இரு நாட்டிலும் எழுதப்பட்டவை ஏராளம். லாகூரிலிருந்து இந்தியாவுக்கு வந்த அகதி ரயில்கள் முதலில் தொட்ட இந்திய நிலையம் அட்டாரி. இங்கிருந்து சென்ற முஸ்லிம் அகதிகள் கடைசியாகக் கண்ட இந்திய நிலையமும் அதுவே. சில ரயில்களில் உயிரோடு வந்தவர்களைவிடப் பிணங்கள் அதிகம். இரு திசையிலும் அதுதான் நிலை.

உடன்பாட்டு ரயில்

1965 போரோடு ரயில் போக்குவரத்து அற்றுப்போனது. 1971 போர் அதை மேலும் தள்ளிப் போட்டது. இந்திரா காந்தியும் ஜுல்பிகர் அலி பூட்டோவும் 1972 ஜூலையில் கையெழுத்திட்ட சிம்லா ஒப்பந்தத்தில், தகவல் தொடர்பையும் போக்குவரத்தையும் படிப்படியாக மீட்பது என்று ஒரு வாசகம் இருந்தது. அதற்கு உருவம் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 1976 ஜூலை 22-ம் தேதி அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. சம்ஜவுதா என்றால் உடன்பாடு. இந்தியிலும் உருதுவிலும் ஒரே பொருள் தரும் சொல்லாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் அது நாள்தோறும் ஓடியது. பிறகு நடந்ததெல்லாம் குறைப்புதான். எண்பதுகளின் பிற்பகுதியில் பஞ்சாபில் தீவிரவாதம் தலைதூக்கியபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி, ரயிலை அமிர்தசரஸ் வரை விடாமல் அட்டாரியிலேயே நிறுத்தினார்கள். சுங்கச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் இங்கே வந்தன. ஊர் நிலையம் பன்னாட்டு நிலையமானது இப்படித்தான். 1994-ல் தினசரி ரயில் வாரம் இரு முறை ரயிலாகச் சுருங்கியது. இந்தியப் பகுதியில் இந்தப் பன்னாட்டு ரயில் ஓடிய தொலைவு, நிலையத்திலிருந்து எல்லைக் கதவு வரை, அவ்வளவே. தில்லியிலிருந்து அட்டாரி வரை வேறொரு இணைப்பு ரயில் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

அட்டாரிக்குள் நுழைய இந்தியருக்கே பாகிஸ்தான் விசா வேண்டும் என்று ஒரு செய்தி அவ்வப்போது உலவுவதுண்டு. அது பாதி உண்மை. சோதனை நடைபெறும் பன்னாட்டுப் பயணிகள் வளாகத்துக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. அமிர்தசரஸிலிருந்து வரும் உள்ளூர்ப் பயணிகள் ரயிலில் ஏறிய அட்டாரி விவசாயியிடம் யாரும் விசா கேட்டதில்லை.

மூன்று கிலோ மீட்டரைக் கடப்பதற்கு ஒரு பகல் பிடித்தது. விடிந்ததும் அட்டாரியில் இறங்க வேண்டும். எல்லா மூட்டைகளையும் இறக்க வேண்டும். குடியேற்ற அதிகாரியிடம் ஒரு வரிசை, சுங்க அதிகாரியிடம் ஒரு வரிசை. மூட்டையை அவிழ்த்துக் காட்டி மீண்டும் கட்ட வேண்டும். பிறகு லாகூர் ரயிலில் ஏற வேண்டும். ரயில் நகரும் முன் எல்லைப் பாதுகாப்புப் படையினர் தண்டவாளத்தையும் பெட்டிகளின் அடிப்பகுதியையும் சோதிப்பார்கள். எல்லையில் தண்டவாளத்தின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு. அது திறந்து, ரயில் ஊர்ந்து சென்று, மீண்டும் சாத்தப்படும். குதிரைமீது அமர்ந்த காவலர்கள் பெட்டிகளை ஒட்டியே சென்றதும் உண்டு. வழியில் யாரும் ஏறவோ குதிக்கவோ கூடாது என்பதற்காக. சில நிமிடங்களில் வாகா. அங்கே மறுபடியும் இறங்கி, இறக்கி, அவிழ்த்து, கட்டி, ஏற வேண்டும். முதியவர்களுக்கு அட்டாரியில் சுமை தூக்கும் தொழிலாளர்கள்தான் துணை. ஒரு நாளின் கூலிக்கு வாரத்தில் இரு நாள் ரயிலை நம்பியிருந்த தொழிலாளர்கள் அவர்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் பெட்டிகள் நிரம்பின. காரணம் எளியது: இதைவிடக் குறைந்த செலவில் பாகிஸ்தான் போக வேறு வழியில்லை. விமானம் எட்டாது. பேருந்துக் கட்டணம் ரயிலைவிட அதிகம். மூட்டைக்கும் அதில் இடமில்லை. உத்தரப் பிரதேசத்திலும் தில்லியிலும் ராஜஸ்தானிலும் ஹைதராபாதிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு லாகூரிலோ கராச்சியிலோ அண்ணனோ அத்தையோ மகளோ இருந்தார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் இந்த ரயிலில்தான் போனார்கள். சாவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் நாற்பதாம் நாளுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள், விசா கிடைக்க அத்தனை காலம் பிடித்ததால். விசாவும் நாட்டுக்குக் கிடைப்பதல்ல, ஊருக்குக் கிடைப்பது. எந்த நகரம், எந்த வழியாக வருகை, எந்த வழியாகத் திரும்புதல் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். போன ஊரில் காவல் நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும்.

சிறு வியாபாரிகளும் இந்த ரயிலில் வாழ்ந்தார்கள். வெற்றிலை இங்கிருந்து போனது. பாகிஸ்தானில் வெற்றிலை போடுபவர்கள் அதிகம், விளைச்சல் குறைவு. அங்கிருந்து உலர் பழங்களும் துணிகளும் வந்தன. சுங்கத் துறைக்கு அவர்கள் மீது எப்போதும் சந்தேகம். அது முழுக்க அநியாயமான சந்தேகம் என்றும் சொல்ல முடியாது. போதைப் பொருளும் கள்ள நோட்டும் இந்தப் பாதையில் பிடிபட்டிருக்கின்றன. பயணிகள் ரயிலில் மட்டுமல்ல, சரக்கு ரயில்களிலும்தான். இந்தியத் தரப்பின் பாதுகாப்புக் கவலையை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே சான்று.

ஆனால், இந்தப் பாதையில் வேறு சிலவும் கடந்து சென்றன. பேசவும் கேட்கவும் இயலாத ஓர் இந்தியச் சிறுமி, சம்ஜவுதா ரயிலில் தனியாக அமர்ந்திருந்த நிலையில் லாகூரில் மீட்கப்பட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் சொல்லப்பட்டது. எதி அறக்கட்டளை அவளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்தது. 2015 அக்டோபரில் அவள் இளம் பெண்ணாகத் தாயகம் திரும்பினாள், விமானத்தில்.

திவானாவில் ஓர் இரவு

2001 டிசம்பர் 13-ம் தேதி நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 2002 ஜனவரி 1 முதல் ரயில், பேருந்து, விமானம் மூன்றும் நின்றன. இரு நாட்டுப் படைகளும் எல்லையில் பல மாதங்கள் நேருக்கு நேர் நின்றன. பதற்றம் தணிந்த பின் முதலில் ஓடியது தில்லி - லாகூர் பேருந்து, 2003 ஜூலையில். 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து விமானங்கள் பறந்தன. சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் ஓடியது ஜனவரி 15-ம் தேதி. பேருந்துக்கும் ரயிலுக்கும் இடையே ஆறு மாத இடைவெளி. பேருந்து 1999-ல் வாஜ்பாய் லாகூர் சென்ற பேருந்து, உலகமே பார்த்தது. ரயிலுக்கு அப்படி ஒரு புகைப்படம் இல்லை.

அதன் பிறகு வந்த ஆண்டுகளே இரு நாட்டு ரயில் உறவின் நல்ல காலம். 2006 பிப்ரவரி 18-ம் தேதி ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் உள்ள முனாபாவ் வழியாக, சிந்து மாகாணத்தின் கோக்ராபாருக்குச் செல்லும் தார் எக்ஸ்பிரஸ் தொடங்கியது. 1965-ல் மூடிய பாதை 41 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது.

அது தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த இரவில், 2007 பிப்ரவரி 18-ம் தேதி, தில்லியிலிருந்து அட்டாரிக்குச் சென்றுகொண்டிருந்த ரயிலில் ஹரியாணாவின் பானிபட் அருகே திவானா நிலையத்தையொட்டி குண்டுகள் வெடித்தன. இரு பெட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. 68 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த பாகிஸ்தானியர். இந்தியரும் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர். ஜன்னல் கம்பிகளால் பலர் வெளியேற முடியாமல் போனது. அடையாளம் தெரியாத உடல்கள் பானிபட் அருகே மஹ்ரானா கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

அந்த வேளையில் இரு அரசுகளும் நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் குர்ஷித் கசூரி திட்டமிட்டபடியே தில்லி வந்தார். ரயிலும் தொடர்ந்து ஓடியது. வழக்கு 2010-ல் தேசியப் புலனாய்வு அமைப்பிடம் போனது. இந்துத்துவத் தீவிரவாதக் குழு ஒன்றின் செயல் என்பது அதன் குற்றச்சாட்டு. 2019 மார்ச் 20-ம் தேதி பஞ்ச்குலா சிறப்பு நீதிமன்றம், அசீமானந்த் உள்ளிட்ட நால்வரையும் சான்று போதாது என்று விடுவித்தது. கொடிய குற்றம் ஒன்று தண்டனையின்றிப் போவதை வேதனையுடன் நீதிபதி தமது தீர்ப்பில் பதிவு செய்தார். 68 பேரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றத்தின் விடை இதுவரை இல்லை. பாகிஸ்தானில் நடக்கும் வழக்குகளைப் பற்றி நியாயமாகவே கடுமையாகப் பேசும் தில்லி, இந்த வழக்கைப் பற்றி அதே குரலில் பேசுவதில்லை.

வாகாவில் நின்ற பெட்டிகள்

அட்டாரியின் சாலைப் பக்கத்துக்கு இந்த ஆண்டுகளில் நல்ல காலம். அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2012 ஏப்ரல் 13-ம் தேதி அங்கு ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைத் திறந்து வைத்தார். பாகிஸ்தானிலிருந்து சிமெண்டும் ஜிப்சமும் பேரீச்சையும் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைத் தொழிலாளர்கள் அதை நம்பி வாழ்ந்தனர். 2019 பிப்ரவரி 14-ம் தேதி புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, வணிகத்தில் பாகிஸ்தானுக்கு அளித்திருந்த சலுகை நிலையை இந்தியா விலக்கியது. பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீதச் சுங்க வரி விதித்தது. வணிகம் அத்தோடு படுத்துவிட்டது. பாலாகோட் தாக்குதலையடுத்து பிப்ரவரி 28-ம் தேதி பாகிஸ்தான் ரயிலை நிறுத்தி, சில நாள்களில் மீண்டும் விட்டது.

ஆகஸ்டில் வந்தது இறுதி அடி. ஜம்மு - காஷ்மீரின் சிறப்புத் தகுதி ஆகஸ்ட் 5-ம் தேதி நீக்கப்பட்டது. 8-ம் தேதி பாகிஸ்தான் ரயில்வே அமைச்சர் ஷேக் ரஷீத் அகமது, சம்ஜவுதா இனி ஓடாது என்று அறிவித்தார். அன்று அட்டாரிக்கு வரவேண்டிய ரயில் வாகாவிலேயே நின்றது. பாகிஸ்தான் ஊழியர்கள் அதை ஓட்டிவர மறுத்தனர். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். கடைசியில் அட்டாரியிலிருந்து இந்திய டிரைவரும் கார்டும் என்ஜினுடன் சென்று அதை இழுத்து வந்தனர். அடுத்து தார் எக்ஸ்பிரஸ், அதற்கடுத்து பேருந்து என்று வரிசையாக நின்றன. இம்முறையும் முதலில் நின்றது அட்டாரி ரயில்தான். தில்லி இணைப்பு ரயிலை இந்தியாவும் ரத்து செய்தது. ஒரு தரப்பு தொடங்கியதை மறு தரப்பு முடித்து வைத்தது.

ரயில் உடன்பாடு 2018-ல்தான் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதன்படி ஆண்டில் பாதிக் காலம் பாகிஸ்தான் பெட்டிகளும் மீதிக் காலம் இந்தியப் பெட்டிகளும் ஓட வேண்டும். ஆகஸ்ட் மாதம் இந்தியாவின் முறை. அதனால், கடைசிப் பயணிகளை ஏற்றிச் சென்ற இந்திய ரயில்வேயின் 11 பெட்டிகள் வாகாவில் சிக்கிக்கொண்டன. இந்தியத் தரப்பு பலமுறை கேட்டும் அவை பல ஆண்டுகள் அங்கேயே நின்றன. உடன்பாட்டின் காலம் 2021-ல் முடிந்தபோது, அதைப் புதுப்பிப்பது பற்றி யாரும் பேசவில்லை.

ரயில் நின்ற பிறகும் சாலைக் கதவு முழுதும் மூடப்படவில்லை. புனிதப் பயணம் செல்லும் சீக்கியர்களும், திரும்பி வருபவர்களும், மருத்துவத்துக்காக வருபவர்களும் நடந்து கடந்தார்கள். ஆப்கானிஸ்தானின் உலர் பழ லாரிகள் வந்தன. 2019 நவம்பரில் கர்தார்பூர் வழித்தடம்கூடத் திறந்தது. ரயிலுக்கு மட்டும் யாரும் வாதாடவில்லை. அதில் போனவர்கள் தேர்தலில் எண்ணிக்கையாகத் திரண்டு நிற்கக்கூடியவர்கள் அல்லர். கராச்சியில் அக்காள் இருப்பதை வெளியில் சொல்லவே தயங்குபவர்கள்.

2025 ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் அட்டாரி சோதனைச் சாவடியை மூடுவதாக இந்தியா அறிவித்தது. முறையான ஆவணங்களுடன் வந்தவர்கள் மே 1-ம் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று கெடு விதித்தது. அடுத்த நாள்களில் அட்டாரி சாலையில் கண்ட காட்சிகள், பல ஆண்டுகளாக ரயில் நிலையத்தின் நடைமேடையில் யாரும் கவனிக்காமல் நடந்துவந்தவற்றின் திரண்ட வடிவம் எனலாம். பாகிஸ்தானில் மணம் முடித்த இந்தியப் பெண்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளிடம் இருந்தது பாகிஸ்தான் கடவுச்சீட்டு. குழந்தை போகலாம், தாய் போக முடியாது என்ற நிலை. தாய்வீட்டுக்குச் சில வாரங்கள் வந்தவர்கள் கதவருகே வெயிலில் நின்று அழுததைத் தொலைக்காட்சிகள் காட்டின. பஹல்காமில் கணவனை இழந்த பெண்களின் துயரத்துக்கு முன் இது சிறிது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் தராசில் வைக்க வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் சொல்வதில்லை.

மே மாதம் நடந்த நான்கு நாள் மோதலுக்குப் பிறகு, கொடியிறக்க அணிவகுப்பு பொதுமக்களுக்காக மே 21-ம் தேதி மீண்டும் தொடங்கியது. வீரர்கள் கைகுலுக்குவதும் கதவைத் திறப்பதும் மட்டும் இல்லை. அணிவகுப்பைக் காண வருபவர்களுக்குக் குறைவில்லை.

பன்னாட்டுப் பயணிகளுக்கென அமைத்த சோதனை மேசைகளும் வரிசைத் தடுப்புகளும் அட்டாரி நிலையத்தில் 2019 முதல் வேலையற்றுக் கிடக்கின்றன. அந்த நிலையத்துக்கு இப்போது மிஞ்சியிருப்பது அமிர்தசரஸோடு இணைக்கும் உள்நாட்டுப் போக்குவரத்துதான். சுமார் 25 கிலோ மீட்டர் தொலைவு. ரயில் வருகிறது, ஆள்கள் இறங்குகிறார்கள், வந்த வழியே அது திரும்புகிறது. லாகூர் திசையில் தண்டவாளம் வயல்களின் நடுவே சிறிது தூரம் சென்று இரும்புக் கதவில் முட்டி நிற்கிறது.